கம்பிவலைக்குப் பின்னால்

கார் பம்பரைக் கழற்றுவது பலரும் நினைப்பதைப் போலப் பெரிய வேலை இல்லை. சக்கர வளைவில் பக்கத்துக்கு இரண்டு திருகாணி, மேலே ஆறு பிளாஸ்டிக் கிளிப், கீழே ஐந்து. பதறாமல் இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும். பதறுகிறவர்கள்தான் கிளிப்பை உடைத்துவிட்டுக் கார் செய்தவனைத் திட்டுவார்கள்.

டேம்சின், நீ கேட்டபடியே எழுதுகிறேன். "ஒண்ணு விடாம எழுதிப் பெட்ரோல் பங்க் கொலீன்கிட்ட குடுங்கப்பா. முன்பின் தெரியாத ஆளு படிச்சாலும் புரியணும். படிச்சிட்டுதான் உங்ககிட்ட இனிமே பேசறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்" என்றாய். அந்த முன்பின் தெரியாத ஆளுக்காகச் சொல்கிறேன். என் பெயர் டெஸ்மண்ட் பாஸ்கோ. மல்லீ வட்டாரத்தில், ஊயென் என்கிற சின்ன ஊரில் முப்பத்தோரு வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். நீ என் ஒரே மகள். இருபத்தாறு வயது, உள்ளூர் விலங்கு மருத்துவரிடம் நர்ஸ்.

உன் அம்மாவிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மெர்லீன் குயின்ஸ்லாந்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் வந்து, "வண்டிய கொஞ்சம் பாத்துக் குடேன் டெஸ்" என்று கேட்டிருந்தாள். ஆயில் மாற்றினேன், பிரேக் பார்த்தேன், பெல்ட் புதிதாகப் போட்டேன், நான்கு டயரையும் மாற்றினேன். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டரில் ஒரு பல்புகூடப் போகவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் செய்து அவளே சொன்னாள்: "வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிச்சு டெஸ். ரொம்ப தேங்க்ஸ்." என் தொழிலில் நான் வாங்கிய பாராட்டுகளில் இன்றும் மறக்க முடியாதது அதுதான்.

போன செப்டம்பரில் அடிலெய்டிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. பெரிய விலங்கு மருத்துவமனை, நேர்முகத் தேர்வு நவம்பரில். கடிதத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாய். நான் சந்தோஷப்பட்டேன், உன்னைக் கட்டிப்பிடித்தேன். அப்புறம் பட்டறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் காலா என்கிற ரோஸ் நிறக் கிளி ஒன்று வந்து மோதி, உன் சிவப்புக் காரின் முன்கிரில் உடைந்து போனது. "பல்லு போன கிழவி மாதிரி இருக்குப்பா. கறுப்பு மெஷ் போட்டுக் குடுங்களேன், ரேஸ் காரு மாதிரி" என்று நீயேதான் கேட்டாய். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நானாக ஆரம்பிக்கவில்லை.

தேன்கூடு வடிவ அலுமினிய மெஷ் வரவழைத்தேன். பம்பரைக் கழற்றிப் பழைய போர்வை மேல் கவிழ்த்துப் போட்டு, மெஷ்ஷைக் கத்தரித்து, ஓரத்தை உள்பக்கம் மடித்து அரம் போட்டேன். பிடிமானங்கள் எல்லாம் உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு திருகாணி தெரியாது. நீ வந்து பார்த்துவிட்டு, "செமையா இருக்குப்பா" என்று குதித்தாய். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றும் வெட்கம் இல்லை.

அதற்குப் பின்னால், ரேடியேட்டரை ஒட்டினாற்போல், சமையலறைக் கதவிலிருந்து கழற்றிய கொசுவலையை வைத்துக் கட்டினேன். கறுப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் இருப்பதே தெரியாது.

எடுத்த எடுப்பில் சரியாக வந்துவிடவில்லை. சக்கர அலைன்மென்ட் பார்க்கிறேன் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் உன் காரை எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மடிப்பு போட்டால் காற்று தாராளமாகப் போனது. இரண்டு மடிப்பு போட்டால் கோதுமைக் கிடங்கைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது. முழுசாக ஒரு மடிப்பு, கீழ்ப்பாதிக்கு மட்டும் இன்னொன்று என்று வைத்தபோதுதான் சரியாக அமைந்தது. ஊருக்குள் எத்தனை சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. நாற்பது டிகிரி வெயிலில், ஏசி போட்டு, நூற்றுப்பத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அடிலெய்டு போகிற வழியில் மரேவில் பக்கத்தில் கொதிக்கும்.

ஏன் மரேவில் என்று அந்த முன்பின் தெரியாத ஆள் கேட்கலாம். அங்கேதான் கொலீனின் பெட்ரோல் பங்க் இருக்கிறது. நிழல் உண்டு, கழிப்பறை உண்டு, போன் எடுக்கும். அதற்கு முன்னால் வெறும் புதர்க்காடு. பெற்ற மகளை நட்ட நடு ரோட்டில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை. டிக்கியில் பத்து லிட்டர் தண்ணீர், தொப்பி, குடை எல்லாம் வைத்துவிட்டு, முள் எந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் உனக்குக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

நவம்பரில் வானிலை அறிக்கை சொன்னதைவிட மூன்று டிகிரி கூடிவிட்டது. மரேவிலுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போதே கொதித்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் ரோட்டோரம் நின்றாய். உதடு வெடித்திருந்தது. அது என் கணக்கில் இல்லாத விஷயம், அதற்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

மருத்துவமனைக்காரர்கள் நல்லவர்கள். ஜனவரிக்கு வேறு தேதி கொடுத்தார்கள். அதற்குள் நான் தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். மல்லீ வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமான எஞ்சின் வேறு எந்தக் காரிலும் இருக்காது. நீ பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாய். "உங்கள விட்டா யாருப்பா இவ்ளோ பாப்பாங்க" என்றாய்.

ஜனவரியில் எல்லாம் சரியாக நடந்தது. கொலீனின் பங்க் வாசலில்தான் கொதித்தது. நான் பேக்கரிப் பெட்டியும் ஃபிளாஸ்க்கில் தேநீருமாக வந்து சேர்ந்தேன். எஞ்சின் ஆறும்வரை பெஞ்சில் உட்கார்ந்து வனிலா ஸ்லைஸ் தின்றோம். நீ அழுதாய். அழுதபடியே என் தோளில் சாய்ந்தாய். உன் அம்மா போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. எழுதும்போது நன்றாக இல்லை, ஆனால் ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய்.

கொலீன் மட்டும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் டெஸ், ஊயென்லேந்து இங்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பொண்ணு போன் போட்டு நாப்பது நிமிஷத்துல வந்து நிக்கிறியே, பறந்து வந்தியா?"

"வழியில வேலை இருந்துச்சு."

"கையில கேக்கு பெட்டியோடவா?"

நான் ஃபிளாஸ்க்கை மூடினேன். கொலீனுக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

பிப்ரவரியில் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்ததால் நீ காலை எட்டுக்கே கிளம்பினாய். அதற்கு முந்தின வாரம் வெட்டுக்கிளி வந்திறங்கியிருந்தது. ரோடெல்லாம் நொறுநொறுவென்று கிடந்தது. ஊரில் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் கொசுவலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உன்னுடையது மட்டும் அழகாக, மெஷ்ஷோடு, ரேஸ் கார் மாதிரி போனது. நான் உனக்கு முன்னாலேயே கிளம்பிப் பாதி வழியில், அண்டர்பூலில் ஒரு மரத்தடியில் உன் போனுக்காகக் காத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் கொலீனின் வாசலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வெட்டுக்கிளிக் காலத்தில் கொதிக்கிற வண்டிக்கு முதலில் செய்வது ஒன்றுதான். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குள் அடைந்து கிடக்கும் பூச்சியைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி முன்னால் தள்ளுவார்கள். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது என்று இன்றுவரை யோசிக்கிறேன். கொலீன் குழாயோடு நின்றாள்.

"தண்ணி போகுது, பூச்சி வெளிய வரமாட்டேங்குதே கண்ணு. ஏதோ தடுக்குது."

"வண்டிய இழுத்துட்டுப் போய் நானே பட்டறையில பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாத்த லட்சணம்தான் மூணு தடவ தெரிஞ்சுதே. சும்மா இரு."

அவள் மெஷ்ஷுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கையை விட்டாள். கொலீன் தன் டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிறவள். அவள் விரல் எதையோ பிடித்து இழுத்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த கொசுவலை, பூச்சியும் தண்ணீருமாக, நீளமாக வந்தது.

"இது எங்க வீட்டு சமையல்கட்டுக் கதவுல இருந்தது" என்றாய் நீ. மூலையில் நீ பத்து வயதில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஒட்டுத்துணி இருந்தது. அதன் மேலேயும் பெயின்ட் அடித்திருந்தேன், மேடு மட்டும் தெரிந்தது.

"வெட்டுக்கிளிக்காகப் போட்டது" என்றேன்.

கொலீன் சிரித்தாள். "பூச்சிக்குக் கட்டறவன் முன்னாடி கட்டுவான் டெஸ், தட்டிவிடறதுக்கு. பின்னாடி ஒளிச்சுக் கட்டினவன் பூச்சிக்குக் கட்டல."

நீ என்னைப் பார்த்தாய். என் கையில் பேக்கரிப் பெட்டி இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் திறந்து உன் பக்கம் நீட்டினேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை. கொலீன் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"மணி பத்துதான் ஆகுது" என்றாள் வாயில் வைத்துக்கொண்டே. "ஏறு கண்ணு, என் வண்டியில. டெஸ், நான் வர்றவரைக்கும் பங்க்க நீ பாத்துக்க. டீசல் போடத் தெரியும்ல? எதுக்குப் பின்னாடியும் எதையும் கட்டிராத."

ஏறுவதற்கு முன்னால்தான் நீ இந்த வாக்குமூலத்தைக் கேட்டாய். "என் காரை இனிமே தொடாதீங்க" என்றும் சொன்னாய். நான் வாக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலம்வரை கொலீனின் பங்க்கில் டீசல் போட்டேன். உனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கொலீன் போனில் சொன்னபோது நான் ஒரு கோதுமை லாரிக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. நிறைய யோசித்தேன். செய்தது நான்தான், தெரிந்துதான் செய்தேன், தப்புதான். வளர்ந்த பெண்ணை அவள் போகிற வழியில் தகப்பன் மறிக்கக் கூடாது. நீ ஊயெனுக்குத் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணத்தையே அடியோடு விட்டுவிட்டேன்.

அதனால்தான் பட்டறையை விற்றேன். விலாசம் நீ கொடுக்கவில்லை. ஆனால் உன் மருத்துவமனைக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே ஒரு வாரம் உட்கார்ந்தால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. வனிலா ஸ்லைஸ் சுமார்தான். உன் தெருவில், எதிர்ச்சாரியில், பச்சைக் கேட் போட்ட வீட்டை எடுத்திருக்கிறேன். எனவே இந்தக் கடிதத்துக்காகக் கொலீனைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை. நானே உன் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

புதுக் கார் வாங்கியிருக்கிறாய். வெள்ளை நிறம் உனக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் முன்பக்கம் இப்படித் திறந்து கிடந்தால் கல் தெறிக்கும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கவலைப்படாதே, கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருக்கிறது. நான் தொடவில்லை. அளவு மட்டும்தான் எடுத்தேன்.