மத்தியானக் கரி

— மேல வாங்க மெக்கானிக். கைப்பிடியைத் தொடாதீங்க, பெயின்ட் காயல.

— என்ன மேடம், மொட்டை மாடிக்கே கூப்பிட்டுட்டீங்க? கீழ படகு...

— எஞ்சினை அணைச்சீங்களா?

— அது... சூடாயிடுச்சு. ஆறட்டும்னு ஓட விட்டிருக்கேன்.

— தினமும் எங்க ஆபீஸ் வாசல்லதான் ஆறுமா? சரி, காத்தை அளக்குற இந்த மெஷினோட தாளைப் பாருங்க.

— வட்டம் வட்டமா இருக்கு. சிலது வெள்ளை, சிலது கறுப்பு.

— குழாய் காத்தை இழுக்கும், தாள் தூசியைப் பிடிக்கும்.

— கடல்ல ஏது மேடம் தூசி?

— அலை உடைஞ்சா உப்பு பறக்காதா? அது வெயிலை நாலா பக்கமும் சிதறடிக்கும். தூரத்துல கடலும் வானமும் ஒண்ணா வெளுத்துக் கிடக்குதே, அதனாலயும்தான். உப்பு பட்டா தாள்ல கறை விழாது.

— அப்போ கறுப்பு?

— புகைக்கரி. அது வெயிலை முழுங்கிடும். முழுங்கிட்டுக் காத்தைச் சூடாக்கும்.

— அடேங்கப்பா! யார் விட்ட கரி?

— மத்தியானம் மட்டும் விழுது.

— அதோ, கப்பல் போகுதே...

— ஞாயித்துக்கிழமை விழல. கப்பலுக்கு லீவா?

— ஞாயித்துக்கிழமை... நான் வர்றதில்ல.

— படகுப் புகைன்னு நான் அறிக்கையில எழுதினா, இந்தக் கரையில ஒரு படகையும் கட்ட விடமாட்டாங்க. தெரியுமா?

— ஐயையோ, எழுதிடாதீங்க! மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க? என் படகு ஒண்ணுதான் மேடம். டீசல் தெளிக்கிற நாசில் கெட்டுப்போச்சு, அதான் கரியாக் கக்குது.

— ஊர்ப் படகையெல்லாம் சரி பண்றீங்க. உங்களுது மட்டும்?

— நேரமே கிடைக்கல...

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க!

— சரி பண்ணிட்டா... இங்க நிக்க என்ன சாக்கு சொல்றது?

— எதுக்கு நிக்கணும்?

— நீங்க மாடிக்கு வந்து தாள் மாத்துவீங்க... பாத்துட்டுப் போனா மனசு நிறைஞ்சிருக்கும். அவ்வளவுதான். தப்புதான் மேடம். இன்னைக்கே நாசிலை மாத்திடறேன். இனிமே இந்தப் பக்கமே...

— யார் வர வேணாம்னா? புகையை விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க.

— நிஜமாவா? அப்போ... அந்த அறிக்கை?

— உங்க கரியைக் கழிச்சுட்டு, காலையிலேயே அனுப்பியாச்சு.

— தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு விசாரணை! போங்க மேடம்... உயிரே போயிடுச்சு.

— உங்க வாயால வரட்டும்னுதான்.

— சரி... நாளைக்கும் இதே நேரம்தானே தாள் மாத்த வருவீங்க?

— தாளை மெஷினே மாத்திக்கும் மெக்கானிக். நான் இத்தனை நாளா வெறும் மூடியைத்தான் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தேன்.