ஓட்டுமேட்டின் வயதைத் திருத்திய பானுமதி

தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சலீம் அவர்களே, மனைவி பானுமதி அம்மையாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆனந்தராஜ் அவர்களே, செராமிக் தொழிலாளத் தோழர்களே, நல்லூரிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, வணக்கம்.

செராமிக் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மண்ணைச் சோதித்தவர் பானுமதி அம்மையார். அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா? நேற்றிலிருந்து இதே கேள்விதான். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நல்லூர்ப் பக்கத்து ஓட்டுமேட்டில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. கூடவே கொஞ்சம் கரியும் கிடைத்தது. கரியின் வயது மூவாயிரம் ஆண்டு என்றது ஆய்வகம். ஊரின் வயதும் அதுதான் என்று முழங்கினேன், மேட்டுப் பாதுகாப்புக் குழுத் தலைவனான நான். அங்கே மண் அள்ளத் தடை கேட்டு அரசுக்கு மனுவும் கொடுத்தேன். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, கூட்டத்தில் அம்மையார் எழுந்தார்.

"அந்தக் கரி எலி வளைக்குள்ள கெடந்ததுங்க. எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியாது. அத வச்சு ஓட்டுக்கு வயசு சொல்லக் கூடாதுங்க" என்றார்.

"உங்கள யாரும்மா கேட்டா?" என்று சபையிலேயே சீறினேன்.

மனு திரும்பி வந்தது. இரண்டே வாரத்தில் லாரிகள் வந்து மேட்டின் ஒரு பக்கத்தை வெட்டிப் போயின. பழி யார் மேல் விழுந்தது? அம்மையார் மேல். போட்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் வாதாடவில்லை. மேட்டில் வெட்டுப்பட்டு நின்ற மண்சுவரின் முன்னால் ஆறு மாதம், ஞாயிறு தவறாமல், வெயிலில் நின்று மண் அடுக்குகளை அளந்தார். எலிகூடத் துளைக்காத, உடையாத மண் தளம் ஒன்றின் அடியில் ஓர் அடுப்பு. அடுப்பில் உட்கார்ந்தபடியே ஒரு பானை. அதனடியில் கரி. அந்தக் கரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். போன மாதம் முடிவு வந்தது: இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு.

போனில் அங்கலாய்த்தேன்: "எழுநூறு வருஷம் கொறஞ்சிடுச்சேம்மா."

"கொறையலீங்க சார். இப்பத்தான் நெசமா இருக்குது. இனிமே யாரு கேட்டாலும் பதில் சொல்லலாம்."

அந்த ஆய்வக அறிக்கையோடு மறுபடி மனு கொடுத்தோம். ஆய்வு முடியும்வரை அங்கே மண் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. எப்போது வந்தது? வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள், வியாழன் காலை வேலைக்குக் கிளம்பும்போதே மாரடைப்பில் அவர் போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இங்கே, உங்கள் முன்னால் கேட்கிறேன்.

இன்னும் நிறையப் பேசலாம். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன் மேட்டிலிருந்து போன் வந்தது. உத்தரவை மீறி மறுபடி லாரி வந்து நிற்கிறதாம். மேடை ஏறுமுன் ஆனந்தராஜிடம் சொன்னேன். "போவலாங்க சார். நானும் வரேன்" என்றார்.

உத்தரவு என் சட்டைப்பையில் இருக்கிறது. வாசலில் பஸ் நிற்கிறது. மௌன அஞ்சலியை அந்த மேட்டின் மேல் நின்று செலுத்துவோம். எழுந்திருங்கள்.