அட்டையில் இருந்த வரி

படகுத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் சீட்டு கொடுத்தவளுக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கம் போகாது. நான்கு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், ஐயா. வீட்டுக்குக் கிளம்பும்போது குடையை மறந்துவிடாதீர்கள்.

ஜோவித்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

'ஆழத்து அரசி' என்ற கடல் ராணித் தொடர் தொலைக்காட்சியில் நின்று பல காலமாகிவிட்டது. ஆனாலும் இங்கே செபு நகரில் ஆண்டுக்கொரு முறை ரசிகர் மாநாடு நடக்கிறது. அதைத் தொடங்கியவள் நான். பதினான்கு ஆண்டுகளாகத் தலைவியும் நான்தான். பேரங்காடியின் மேல்மாடி மண்டபத்தைப் பிடிப்பது, வேஷப் போட்டிக்குப் பெயர் வாங்குவது, மேடையில் வாசிக்க வேண்டிய அறிமுக அட்டைகளை எழுதுவது எல்லாம் என் கையால்தான். கடந்த ஐந்து ஆண்டுகளாக மேடையில் பேசியவன் ஜோவித் அல்கொசெபா. பகலில் அழைப்பு மையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவன் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. மின்தடை அறிவிப்பை வாசித்தால்கூட மண்டபம் சிரிக்கும்.

இந்த ஆண்டு மாநாட்டுக்கு முன்பு நடந்த கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "கொன்சிங் அக்கா ரொம்ப வருஷமா ஓடியாடிட்டாங்க. இனிமே அவங்க உக்காரட்டும். ஜோவித்தைத் தலைவராப் போடுவோமே." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஜோவித் மட்டும், "அக்கா இருக்கும்போது எனக்கெதுக்குங்க?" என்றான். அப்படிச் சொன்னதும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன்.

வேஷப் போட்டிக்கு இருபத்தாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதாவது லோவெலா துமுலாக். எதிர்க்கரைத் தீவிலிருந்து வருபவள். நீல அங்கியில் சிப்பி தைத்து, தலைமுடியை நனைத்துக்கொண்டு அரசியாக வரப்போவதாக எழுதியிருந்தாள். அவளுக்கான அட்டையில் நான் ஒரு வரி எழுதினேன்.

மேடை ஏறும் முன் அதைப் பார்த்த ஜோவித் என்னிடம் வந்தான். "அக்கா, இது கொஞ்சம் ஓவரா இல்ல?"

"நம்ம ஆளுங்கதான் தம்பி. தீவுக்காரங்களே இதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நீ வாசி."

அவன் வாசித்தான். "ஆழத்து அரசிக்கு ஒரு கைதட்டு கொடுங்க. போன வருஷம் கவிழ்ந்த படகுல போனவங்கள்ல, வீடு வந்து சேர்ந்தது இவங்க ஒருத்தங்கதான்."

பழக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். லோவெலா கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் தம்பி இன்னும் வரல, ஜோவித்," என்றாள். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அவள் தம்பி நோனிங் அந்தப் படகில் போனது ஜோவித்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பயணிகள் பட்டியலை எழுதியவள் நான். சன்னலோரம் வேண்டும் என்று கேட்டான், கொடுத்தேன். அவன் உடல் கிடைக்கவில்லை.

ஜோவித் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டான். குரல் உடைந்து கேட்டான். அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஒரு ரசிகர் மன்றம் என்று இருந்தால் அதற்குப் பொறுப்பு இருக்கிறது. மறுநாள் மன்றத்தின் முகநூல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை போட்டேன். கூடவே அவன் அந்த வரியை வாசித்த காணொளித் துண்டையும் போட்டேன். எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்று காட்ட வேண்டாமா? அவன் அழுது மன்னிப்புக் கேட்டது துண்டில் இல்லை. நீளமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

புதன்கிழமைக்குள் நான்கு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். படகில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எழுதின. படகையே பார்க்காதவர்கள் அவர்களைவிட அதிகமாக எழுதினார்கள். அவன் வீடு எந்தத் தெருவில் என்று ஒருவர் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். வேலையிலிருந்து அவனை நிறுத்தினார்கள். அவன் அம்மா சந்தையில் காய்ந்த மீன் விற்பவர். அவர் தட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

அவன் என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தான். சோறு போட்டேன், தொடவில்லை. "அட்டையை யார் எழுதினதுன்னு கேக்கறாங்க அக்கா. நானேதான்னு சொல்லிட்டேன்."

"ஏன் தம்பி அப்படிச் சொன்னே?"

"நீங்க வேணும்னேவா எழுதினீங்க? வாசிச்ச வாய் என்னோடது. உங்க பேரை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் அதைச் சத்தியம் போலச் சொன்னான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் சொல்லமாட்டான் என்பதை நம்பினேன். ஆனால் தெரிந்த ஒருவன், சொல்லாமல், என்னைப் பார்க்கும்போதெல்லாம் மன்னித்துக்கொண்டே இருப்பான். அதோடு ஒரு மனுஷி எப்படிக் காலம் தள்ளுவது, நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் துறைக்கு வந்தான். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அன்று முதலாம் எண் புயல் எச்சரிக்கை. பெரிய படகுகளையே விடியற்காலை ஐந்து மணிக்கு நிறுத்தியிருந்தோம். என் சன்னலுக்கு மேலேயே எச்சரிக்கைப் பலகை தொங்கியது.

"லோவெலா வீட்டுக்குப் போய் முட்டி போட்டுக் கேக்கப் போறேன் அக்கா. படகு எப்ப விடுவாங்க?"

"திங்கக்கிழமை ஆகும்."

"அப்ப திங்கக்கிழமை வரேன்."

அவன் திரும்பிவிட்டான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கூப்பிட்டேன். "தம்பி, இந்த மாதிரி காரியத்துக்கு நினைச்ச உடனே போயிடணும். தள்ளிப்போட்டா தைரியம் கரைஞ்சுடும். வடக்கே தெமெத்ரியோ இருக்கார், மீன் படகு வச்சிருக்கார். நான் ஒரு வார்த்தை சொன்னா கூட்டிட்டுப் போவார்."

"காத்து பலமா இருக்கே அக்கா. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது."

"படகுல உக்காந்து போறவனுக்கு நீச்சல் எதுக்கு? மூணு மணி நேரம்தானே."

தெமெத்ரியோ தொலைபேசியில் முதலில் மறுத்தார். "கொன்சிங், கடல் வெள்ளையா நிக்குது. இன்னிக்கு நாய்கூட இறங்காது." அவர் மகனுக்குத் துறையில் வேலை வாங்கிக் கொடுத்தது நான். அதை நினைவுபடுத்தினேன். பத்தரை மணிக்குக் கிளம்பினார்கள். மிதவைச் சட்டை ஒன்றுதான் இருந்ததாம். அதை ஜோவித் கிழவருக்கே போட்டுவிட்டானாம். நடுக்கடலில் படகு கவிழ்ந்ததும், கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்து தெமெத்ரியோ மட்டும் கரை ஒதுங்கினார். அவர் வாக்குமூலம் கொடுத்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அவர் பொய் சொல்பவர் அல்ல.

கடல் அப்படி இருந்தது தெரிந்தே அனுப்பினாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் அனுப்பினேன். எந்த எச்சரிக்கைக்கு எந்தப் படகு தாங்கும் என்பது என் வேலை. அவன் போய்ச் சேரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனைக் கொன்றது ஊராரின் கோபமும் அல்ல, விபத்தும் அல்ல. நான்தான் அவனைக் கொன்றேன். ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் எழுத வசதி.

இன்னொன்று இருக்கிறது. மன்றப் பக்கத்தின் கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. எப்படியும் நீங்கள் திறந்து பார்ப்பீர்கள். அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அதில் லோவெலா எழுதியிருந்தாள். ஜோவித்தின் எண் தன்னிடம் இல்லை என்றும், இதை அவனிடம் சேர்க்கும்படியும் கேட்டிருந்தாள். 'அவனுக்குத் தெரியாதுன்னு அவன் முகத்துலயே தெரிஞ்சுது. நோனிங்குக்கு அவன் பேச்சுன்னா உயிர். எனக்குக் கோபம் இல்லை. திட்டறவங்களை நிறுத்தச் சொல்லுங்க. கடல் அடங்கினதும் நானே வந்து அவனையும் அவன் அம்மாவையும் பார்க்கறேன்.'

ஒன்பது மணிக்கு அவன் என் சன்னல் முன்னால் நின்றபோது அது என் கைப்பேசியில்தான் இருந்தது. காட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பான். காட்டவில்லை.

ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதிவிடாதீர்கள். படகு கிளம்பியது என்று தெமெத்ரியோவின் மருமகள் சொன்னதும் லோவெலாவுக்குப் பதில் போட்டேன். 'ஜோவித்திடம் சொல்லிவிட்டேன் தங்கச்சி, மனம் நிறைந்து அழுதான்' என்று. அந்தப் பெண் ஏற்கெனவே எவ்வளவோ பட்டவள், ஐயா. அவளுக்கு ஓர் ஆறுதல் வேண்டும் என்று என்னைத் தவிர யாருக்குத் தோன்றியது?