பதினான்கு நாள் கெடு

நாய்களுக்கு என்னைப் பிடிக்கும். சம்மன் கொடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பிஸ்கட் வைத்திருப்பேன், அவ்வளவுதான் ரகசியம். நாய் வாலை ஆட்டிவிட்டால் வீட்டுக்காரனும் கதவைத் திறந்துவிடுவான்.

கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன், வக்கீலம்மா. என் பெயர் லெமெகி. நவுசோரியில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. வக்கீல்கள் தரும் வழக்குக் காகிதத்தைப் பிரதிவாதியின் கையில் நேராகக் கொடுத்து, இன்னது என்று வாயால் சொல்லி, அப்படிச் செய்தேன் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு பிரமாணத்திலும் பொய் எழுதியதில்லை. ஒரிசி விஷயத்திலும் எழுதவில்லை. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரிசியின் ஊரும் என் ஊரும் மச்சான் முறை. உங்களுக்கு இது தெரியும். நீதிபதி வெளிநாட்டுக்காரர் என்றார்கள், அதனால் எழுதுங்கள். இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம். அந்த ஊரில் பிறந்த எவனும் இந்த ஊரில் பிறந்தவனுக்கு மச்சான், முன்பின் பார்த்திராவிட்டாலும். அவன் என் கோழியைப் பிடித்துக் குழம்பு வைக்கலாம். நான் அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போகலாம். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கூடாது, கோபப்படக் கூடாது. கோபப்பட்டவனால் ஊருக்கே தலைகுனிவு.

ஒரிசியும் அவன் மனைவி தொரிகாவும் ஹேம்ராஜ் என்ற பெரியவரின் மாட்டுப் பண்ணையில் இருந்தார்கள். பெரியவருக்குப் பிள்ளை இல்லை. கடைசி ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது தொரிகாதான். அவர் கண்ணை மூடுமுன் அரை ஏக்கரையும் வீட்டையும் இவர்களுக்கே கொடுப்பதாக ஒரு காகிதத்தில் எழுதி, பாதிரியார் முன்னால் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் பிஸ்கட் டின்னில், துணிக்கு அடியில் இருந்தது. எனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நல்ல நாளில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரிசி என் கோழி இரண்டைத் தின்றுவிட்டான். நான் பழைய சம்மன் தாள் ஒன்றை எடுத்து, அவன் பெயரை எழுதி, கோழி திருடிய வழக்கு என்று போட்டு, டை கட்டிக்கொண்டு போய் நீட்டினேன். "பதினாலு நாளைக்குள்ள பதில் போடலேன்னா உன் வீட்டை ஜப்தி பண்ணிடுவோம்" என்று குரலை இழுத்துச் சொன்னேன். அவன் உருண்டு உருண்டு சிரித்தான். "கோழியா அது? உன்னை மாதிரியே எலும்பும் தோலுமா இருந்துச்சு. நான்தான் உன்மேல கேஸ் போடணும்" என்றான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான்.

அதற்கு அடுத்த வருடம் என் மனைவி கெலேரா இறந்தாள்.

சாவிலும் மச்சான்மார்கள் வந்து கேலி செய்ய வேண்டும், அதுதான் முறை. துக்கம் கனக்காமல் இருக்கத்தான். பெட்டியைத் தூக்கியபோது ஒரிசி பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டான். முறைப்படி எங்களுக்குப் பாய் கொடுக்காமல் பெட்டியைப் போக விடமாட்டோம் என்று கால் மேல் கால் போட்டுக் கிடந்தான். பாய் கொடுத்தோம். எழுந்து பெட்டியைத் தட்டி, "தப்பிச்சிட்டே தாயி. இந்த மூஞ்சியை இனி தினம் பார்க்க வேணாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கெலேரா அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒருமுறை என்னை விட்டுப் போகத் துணிமூட்டை கட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். இது ஒரிசிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வழக்கத்தில் ஒருவனை நோகடித்தால் திமிங்கலப் பல்லை எடுத்து வந்து மன்னிப்புக் கேட்கலாம். மச்சான் கேலிக்கு யாரும் பல் எடுத்து வருவதில்லை, அதில் நோவதற்கு ஒன்றும் இல்லை என்பதால். அதனால் அவன் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பது வருடம் போயிற்று. சென்ற வருடம் மார்ச்சில் ஹேம்ராஜின் தம்பி மகன் சிட்னியிலிருந்து வந்து வழக்குப் போட்டார். நிலம் தன்னுடையது, குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும் என்று. காகிதம் என் கைக்கு வந்தது. பிரதிவாதி பெயரைப் படித்ததும் இதை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வக்கீல் கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், பழைய டையைத் தேடினேன்.

ஆமாம், டை கட்டிக்கொண்டுதான் போனேன். நாய் ஓடிவந்து என் மேல் தாவியது. ஒரிசி வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். நான் விறைத்து நின்று, அதே குரலில், "இது நீதிமன்றக் காகிதம். உன்மேல வழக்குப் போட்டிருக்கு. பதினாலு நாளைக்குள்ள பதில் போடலேன்னா வீடு போயிடும்" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கையில் கொடுத்தேன். வாங்கினான்.

"இந்தத் தடவை என்னடா, பன்னியா?" என்று கேட்டான்.

"படிச்சுப் பாரு மச்சான்."

"என் மூக்குக்கண்ணாடியை உன் பாட்டன் எடுத்துட்டுப் போயிட்டான். தொரிகா, இங்க பாரு, கோழிக்காரன் மறுபடி வந்துட்டான்."

தொரிகா உள்ளேயிருந்து சிரித்தாள். தேங்காய்ப்பாலில் கீரை கொதிக்கிற வாசனை. பானையை இறக்கி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேதி, எந்த நேரம், என்ன சொன்னேன், எல்லாம் சரியாக இருக்கும். எப்படிச் சொன்னேன் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

பத்தாம் நாள் நானாகத்தான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வழக்கமாகப் போகிற வீடு. யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தான். இரண்டு கிண்ணம் ஆனதும் ஒரிசி பாயில் நேராக உட்கார்ந்தான். கையைக் குவித்து மூன்று முறை தட்டினான். பெரியவர்களிடம் பேசும்போதுதான் அப்படித் தட்டுவோம். மச்சானிடம் யாரும் தட்டுவதில்லை. முப்பது வருடத்தில் அவன் என்னிடம் அப்படி உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

"கேலி வேணாம் லெமெகி. கேலி இல்லாம ஒண்ணு கேக்கிறேன். யாரோ வந்து நிலத்தை அளந்துட்டுப் போனாங்களாம். அந்தக் காகிதம் நிஜமா?"

மச்சான் என்று சொல்லவில்லை, பெயரைச் சொன்னான். தொரிகா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் நான்கு நாள் இருந்தது. டின்னை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறியிருந்தால் போதும், ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்திருந்தால் விசாரணை நடந்திருக்கும்.

நான் கிண்ணத்தை வைத்துவிட்டு, "நிஜம்தான்டா. வெள்ளிக்கிழமை உன்னைத் தூக்கில போடறாங்க. கயிறு வாங்கக்கூட நான்தான் போறேன்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் நன்றாகப் பார்த்தேன். "பாவி, நிஜம்னே நம்பிட்டேனேடா" என்று என் தலையில் அடித்தான். எனக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினான்.

பதில் வராததால் தீர்ப்பு எதிராளிக்குப் போயிற்று. விசாரணையே இல்லை. ஜூனில் ஆட்கள் வந்தபோது ஒரிசி சந்தையில் இருந்தான், தொரிகா தனியாக இருந்தாள். சாமான்களைச் சாலையோரம் போட்டார்கள். அன்று நல்ல மழை. டின் கிடைத்தது, மூடி கிடைக்கவில்லை. உள்ளே கூழாக ஏதோ இருந்தது. கோழி வழக்கு மட்டும் கண்ணாடி உடையாமல் சேற்றில் கிடந்தது. தொரிகா அதைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள், பத்திரமாக வைக்கச் சொன்னாள். என் வீட்டில்தான் இருக்கிறது.

பிறகு ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஒரிசி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் போனால் நகர்ந்து பாயில் இடம் விடுவான், அவ்வளவுதான். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நெஞ்சில் சளி கட்டி நவம்பரில் போய்விட்டான்.

பெட்டியைத் தூக்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொரிகா, "ஏதாவது சொல்லுங்கண்ணே. நீங்க சும்மா நின்னா அவருக்குப் பொறுக்காது" என்றாள். பாதையில் குறுக்கே படுத்தேன். பாய் கொடுத்தார்கள். எழுந்து பெட்டியைத் தட்டினேன். ஒன்பது வருடமாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், அதைச் சொன்னேன். "தப்பிச்சிட்டே மச்சான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தொரிகாவும் அழுதுகொண்டே சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யத்தான் இந்த மனு என்று தெரியும். பாதிரியார் இன்னும் இருக்கிறார், அவர் சாட்சி சொன்னால் நிலம் திரும்பக்கூடும். தொரிகா என்னிடம் கேட்டதெல்லாம், என் வீட்டுக்காரருக்கு அது நிஜக் காகிதம் என்று புரியவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் அண்ணே, பழியை உங்கள்மேல் போடமாட்டேன் என்றுதான். இப்போதும் வெளியே பெஞ்சில் எனக்குச் சோறு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கேட்டதைவிட அதிகமாகவே சொல்லிவிட்டேன். தெரிந்தே செய்தேன். அவன் நம்பமாட்டான் என்பதற்காகவே அப்படிச் சொன்னேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்பதாவது பத்தியில் மட்டும் ஒரு வார்த்தை. 'கோபத்தினால்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

காரணம் இல்லாவிட்டால் நீதிபதி நம்பமாட்டார், மனு நிற்காது என்கிறீர்கள். புரிகிறது. ஆனால் மச்சான் முறையில் கோபம் கிடையாது, வக்கீலம்மா. அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்த வார்த்தை இருந்தால் நான் கையெழுத்துப் போட முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் பொய்ப் பிரமாணத்தில் ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை.