வசந்தாமணிக்கு முன்னால் நான் படித்தவை

மச்சான் அவர்களுக்கு,

வறுத்த நிலக்கடலையும் ஒரு புத்தகமும் இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். நேற்று ஓசூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, "எந் தங்கச்சிய என்னதாங்க பண்ணுனீங்க? வந்ததுலயிருந்து வாயே தொறக்க மாட்டேங்குதே" என்று கேட்டீர்கள். கோபத்திலும் மரியாதை விடாத மனிதர் நீங்கள். எனக்கு நேரில் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். நான் செய்ததெல்லாம் படித்ததுதான்.

எங்கள் வீட்டில் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் படிப்பவன் நான். தொடர்கதை முடியும்வரை வாரப் பத்திரிகைகளை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பேன். பிறகு கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நானே பைண்டு செய்து வசந்தாமணியிடம் கொடுப்பேன். பெண்டாட்டிக்குப் புத்தகம் தைத்துக் கொடுக்கிற ஆம்பளை மல்லசமுத்திரத்தில் நான் ஒருவன்தான்.

சமீபத்தில் படித்ததில், தறிக்காரர் வீட்டு மருமகள் ஒருத்தியின் கதை நன்றாக இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு வாரம். முப்பத்தெட்டு வாரம் பொறுமையாக இருந்த பெண், முப்பத்தொன்பதாவது வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள். எழுதியவருக்குக் கை சறுக்கிவிட்டது. சவர பிளேடால் கடைசி மூன்று வாரத்தை எடுத்ததும் கதை கச்சிதமாகிவிட்டது.

"ஏனுங்க, கத முடியவே இல்லீங்களே?" என்றாள்.

"இப்பெல்லாம் அப்படித்தான் புள்ள எழுதறாங்க. அதுக்குப் பேரு நவீனம்."

நம்பினாள். ஒன்பது வருஷமாக அவள் படித்ததெல்லாம் நவீனம்தான்.

கதையல்லாத நூல்களும் வாங்கித் தந்திருக்கிறேன். தையல் கற்றுத்தரும் நூல் ஒன்று, ரவிக்கை வெட்டுவது வரை மிகத் தெளிவு. கடைசியில் சம்பந்தமே இல்லாமல், பெண்கள் பேங்கில் கடன் வாங்கிக் கடை வைப்பது பற்றி ஓர் அத்தியாயம். எடுத்துவிட்டேன். பெண் டாக்டர் ஒருவர் எழுதிய தன்வரலாறு இருநூற்றுப் பத்துப் பக்கம். நான் பார்த்துக் கொடுத்தபோது பதினாறு பக்கம் இருந்தது. அந்த அம்மாள் தன் குழந்தைப் பருவத்தை அழகாக எழுதியிருக்கிறார்.

நூலகப் புத்தகத்தில் மட்டும் கை வைத்ததில்லை. அது அரசாங்கச் சொத்து. ஆகவே அதை அவள் கண்ணில் காட்டுவதில்லை.

உங்கள் கடிதங்களையும் நான்தான் முதலில் படித்தேன். உங்களுக்கு நடை நன்றாக வருகிறது, மச்சான். ஓசூர்க் குளிரைப் பற்றி நீங்கள் எழுதினால் எனக்கு இங்கே நடுங்கும். முடிக்கத்தான் தெரியவில்லை. மார்கழி, தை, மாசி, மூன்று கடிதத்திலும் இரண்டாம் தாளில் ஒரே விஷயம். ஆத்தாவுக்கு முடியல, உன்னையே கேக்குது, ஒருக்கா வந்துட்டுப் போ சாமி. கூறியது கூறல் ஒரு குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தோட்டத்தில் அப்போது பருத்தி எடுப்பு வேறு. முதல் தாளை அவளிடம் கொடுத்தேன். இரண்டாம் தாளைப் பெட்டியில் வைத்தேன்.

நாலாவதாக வந்தது தந்தி. அதில் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. நாங்கள் ஓசூர் வந்து சேர்வதற்குள் அத்தையை எடுத்துவிட்டிருந்தீர்கள்.

"மூணு காயிதம் போட்டனே சாமி, ரெண்டாந் தாள்ல எழுதியிருந்தனே" என்று நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தபால் இலாகாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன்.

ஊர் திரும்பியதும், நான் தோட்டத்துக்குப் போகிற நேரமெல்லாம் பெட்டியைத் திறந்திருக்கிறாள். எழுத்தை அழிக்கிறவன் இல்லை நான். எடுத்த தாளையெல்லாம் தேதி போட்டு அடுக்கியிருந்தேன். எட்டு நாள் படித்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் அந்தப் பெட்டியோடு சேலம் பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குத் தனியாக ஓசூருக்கு வழி தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

என் மேல் தவறே இல்லை என்று சொல்லவில்லை. பெட்டிச் சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கக் கூடாது.

அவள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை, ஒன்றைத் தவிர. நான் பாதி படித்து வைத்திருந்த துப்பறியும் நாவலைக் கட்டில் மேலேயே விட்டுப் போயிருந்தாள். இரண்டு நாள் படித்தேன். விறுவிறுப்பான நடை. கடைசி எட்டுப் பக்கம் இல்லை. என் பிளேடாலேயே சுத்தமாக எடுத்திருக்கிறாள். குற்றவாளி யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கங்கள் அவளிடம்தான் இருக்கும். நீங்களாவது கேட்டு வாங்கித் தபாலில் அனுப்புங்கள். ஒரு மனுஷன் ஆசையாகப் படிக்கிற புத்தகத்தில் இப்படிச் செய்ய அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

இப்படிக்கு,
நாச்சிமுத்து