தமிழுக்கு மாற்றினால் மட்டும்

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால், வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் பிழை அறிக்கைகள், இன்ஸ்பெக்டர். ஒரு சொல்லையும் அறிக்கையின் எண்ணையும் தட்டினால் போதும். யார் எழுதியது, யார் மூடியது, இப்போது என்ன நிலை என்று நாலு வரியில் சொல்லிவிடும். இணையப் பக்கத்திலும் பார்க்கலாம். ஆனால் அங்கே வண்ணமும் படமும் வந்து மனத்தை ஆற்றப் பார்க்கும். எனக்கு ஆறுதல் ஒத்துக்கொள்ளாது.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை செய்வது, வலிமருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்பில் செலுத்தும் சிறிய பம்பு. அதன் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது திரையைத் தமிழுக்கு மாற்றினால், அதுவரை கொடுத்ததைப் பம்பு மறந்துவிடும். நாள் முழுவதற்குமான அளவை ஒரேயடியாகக் கொடுக்கும். மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் அதற்கு நல்ல ஞாபகசக்தி. இதைக் கண்டுபிடித்தது நான். படிப்படியாக எழுதிப் பதிவு செய்தேன்.

என் மேலாளர் புவனேஸ்வரன் அதை மூடினார். காரணம், 'மீண்டும் நிகழ்த்த முடியவில்லை.'

"தமிழ்ல வெச்சுப் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"எவன்மா தமிழ்ல வெச்சுப் பார்க்கப் போறான்? நம்ம ஆளுங்களே இங்கிலீஷ்லதான் லா வெச்சிருப்பான். வாங்குறவன் நாலு மொழி வேணும்னு கேட்டான், போட்டோம். முடிஞ்சு போச்சு."

"ஆள் செத்துருவாங்க."

"செத்தா சொல்லு, திறந்துடலாம்."

பக்கத்து மேசை ரூபினிகூடச் சிரித்தாள். நான் அதை ஒரு நடைமுறை விதியாக எடுத்துக்கொண்டேன். மேலாளர் சொல்வதைக் கவனமாகக் கேட்பவள் என்று எனக்குப் பெயர் உண்டு.

அதன்பின் வேலைக்கு வந்ததும் முதலில் அந்தக் கட்டளையைத்தான் தட்டுவேன். 'மூடப்பட்டது.' பம்புகள் பெட்டி பெட்டியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நோயாளிகளுக்காகக் கவலைப்பட அந்தத் தொழிற்சாலையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் புவனேஸ்வரனின் அம்மா ஜெயலெட்சுமிக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கரையில் செபராங் ஜெயா வீட்டில் வைத்தே பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பம்பையே கொண்டுபோய் மாட்டியிருந்தார். சொந்தச் சரக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை பப்பாளி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பாலத்தில் ஒரே நெரிசல். மனம் மாறுவதற்குப் பினாங்குப் பாலம் ஏற்ற இடம் இல்லை; பாதியில் காரைத் திருப்ப முடியாது. என்னைக் கண்டதும் புவனேஸ்வரன், "அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்க, மீ கோரெங் தாப்பாவ் பண்ணிட்டு வர்றேன்," என்று சாப்பாடு வாங்கக் கிளம்பினார்.

"நீதான் பிரமிளாவா?" என்றார் அம்மா. "ரொம்பக் கெட்டிக்காரின்னு புவனேசு சொல்லிக்கிட்டே இருப்பான்."

என்னிடம் அவர் சொன்னதே இல்லை. பம்பின் பக்கம் போன கை ஒரு கணம் நின்றது. இல்லை, நின்றிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

"இதுல என்னமோ எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாம் இங்கிலீஷு."

"தமிழ்ல வெச்சுத் தரட்டாம்மா?"

"தமிழ்லகூட வருமா? அந்தப் பய ஒரு வார்த்தை சொல்லலையே."

மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 'மருந்து செலுத்தப்படுகிறது' என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். அவ்வளவு மகிழ்ச்சி. அந்த மொழிபெயர்ப்பும் நான் செய்ததுதான். சற்று நேரத்தில், "வலியே இல்லமா," என்று கண்ணை மூடினார்.

புவனேஸ்வரன் திரும்பி வந்தார். "தூங்குறாங்களா? நல்லது லா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல." எழுப்பிவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் சாப்பிட்டோம். மீ கோரெங்கில் காரம் கொஞ்சம் அதிகம்.

பம்பைப் பிரித்துப் பார்த்தார்கள். உற்பத்தி நின்றது. விற்றதையெல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். எத்தனை உயிர் பிழைத்தது என்று நீங்களே கணக்குப் போடுங்கள், ஒன்றைக் கழித்துக்கொண்டு. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவே எதையோ அழுத்தியிருப்பார் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அப்படியிருக்க ஏன் நானாக வந்தேன் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். 'மனசாட்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல சொல், இருக்கட்டும்.

காரியம் முடிந்து அலுவலகம் போனதும் கட்டளையைத் தட்டினேன். அறிக்கையின் நிலை மாறியிருந்தது. 'வேறொரு அறிக்கையின் நகல்.' அந்த வேறொன்றையும் தட்டிப் பார்த்தேன். முந்தின நாள் பதிந்தது. மொத்தமே மூன்று வரி. எழுதியவர் புவனேஸ்வரன். தாயை இழந்த துயரத்திலும் பிழையைக் கண்டறிந்தாராம். அவரைப் பாராட்டி எல்லோருக்கும் கடிதம் வேறு வந்தது.

நகல் அவருடையது, இன்ஸ்பெக்டர். என்னுடையது முதலில் வந்தது. கொலையை உங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்ளுங்கள். என் அறிக்கையின் தேதியை மட்டும் சரியாகப் போடுங்கள்.