ஒரு நாற்காலி குறையுது

ரூலோஃப்: ...இன்னும் கொஞ்சம் மேல. இல்ல, இடது பக்கம். உன் இடது பக்கம்ய்யா, என்னுது இல்ல.

பாஸ்டியான்: ரூலோஃப், நான் ஏணி மேல நிக்கறேன். சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க.

ரூலோஃப்: வந்துட்டேன். அங்கேயே ஒட்டு. ...கோணலாத்தான் இருக்கு.

பாஸ்டியான்: போன வருஷமும் கோணல்தான். நின்கேக்கு அதான் பிடிக்கும். நேரா கட்டினா அது பள்ளிக்கூடத்துத் தோரணமாம்.

ரூலோஃப்: என் மகளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே பாடம் எடு.

பாஸ்டியான்: ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல...

ரூலோஃப்: கிண்டல்ய்யா. சும்மா கிண்டல் பண்ணாக்கூட ஏணியில இருந்து விழுந்துருவ போல.

பாஸ்டியான்: இந்த நுனியைப் பிடிங்க. அனெமிக் வர்றதுக்குள்ள முடிக்கணும். கேக் எடுக்கப் போயிருக்கா.

ரூலோஃப்: அப்ப நிதானமாவே பண்ணலாம். அவளைக் கட்டியிருந்த காலத்துல பார்த்தவன்தானே நான்... கேக் கடைக்குப் போனா கடைக்காரியோட குடும்பக் கதை மொத்தமும் கேட்டுட்டுத்தான் வருவா. விவாகரத்து ஆயி நாலு வருஷத்துல, உன்கூட வாழ வந்த பிறகு மாறிட்டாளா என்ன?

பாஸ்டியான்: இல்ல... இப்ப கடைக்காரி மாமியார் கதையும் சேர்ந்திருக்கு.

ரூலோஃப்: பார்த்தியா. உனக்கும் கிண்டல் வருது.

பாஸ்டியான்: நீங்க என்ன இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்? எப்பவும் விருந்தாளிங்களோடதானே வருவீங்க.

ரூலோஃப்: சும்மாதான். மகளுக்கு ஆறு வயசு ஆகுது, வந்து தோரணம் கட்டுவோமேன்னு தோணிச்சு. கூடாதா?

பாஸ்டியான்: கூடாதுன்னு யார் சொன்னா.

ரூலோஃப்: சரி, இறங்கு. நாற்காலியை வட்டமா போடுவோம். என் அக்கா ஹில்லேக்கு ஜன்னலோரம். அவளுக்குத் தெருவும் தெரியணும், அடுத்தவன் தட்டுல எவ்வளவு கேக்குன்னும் தெரியணும். அனெமிக் அங்க. நான் இங்க. பூச்சரம் சுத்தினது நின்கேக்கு. இது கீழ் வீட்டு யெல்லேக்கு... ஒண்ணு குறையுதே.

பாஸ்டியான்: சரியாத்தான் இருக்கு.

ரூலோஃப்: குறையுதுய்யா. நீ எங்க உக்காருவ?

பாஸ்டியான்: நான் எதுக்கு... யாராவது காபி ஊத்தணும்ல.

ரூலோஃப்: போன வருஷமும் காபி. அதுக்கு முந்தின வருஷமும் காபி. எந்த வீட்டுப் பிறந்தநாள்லயும் முதல் கப்போட ஒரு துண்டு கேக், ரெண்டாவது கப்போட ஊர்க்கதை, அவ்வளவுதான். நீ மட்டும்தான் அஞ்சாவது கப் ஊத்தற. என் அக்கா அன்னிக்கு விடிய விடியத் தூங்கல.

பாஸ்டியான்: இந்தத் தடவை அந்தக் கஷ்டம் இருக்காது. பதினோரு மணிக்கு எனக்கு டூட்டி. காபியைப் போட்டு பிளாஸ்க்ல வெச்சிட்டுக் கிளம்பிருவேன்.

ரூலோஃப்: டூட்டியா? இன்னிக்கா?

பாஸ்டியான்: சனிக்கிழமையாச்சே. வெயில் வேற அடிக்குது. பாய்மரப் படகெல்லாம் வரிசை கட்டி நிக்கும். பாலத்தைத் தூக்க ஆள் வேணும்ல.

ரூலோஃப்: ம்... வேணும்தான். நிறைய படகோ?

பாஸ்டியான்: நிறைய.

ரூலோஃப்: அடேங்கப்பா.

நின்கே: அப்பா, என் கிரீடம் நழுவுது. பின்னாடி கொக்கி போடு.

ரூலோஃப்: வாங்க மகாராணி. தலையைக் காட்டு. யார் செஞ்சது இது?

நின்கே: நான்தான். நேத்து பள்ளிக்கூடத்துல. எல்லாருக்கும் மிட்டாய்க்குப் பதிலா ஆரஞ்சுப் பழம் குடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் மூஞ்சி வரைஞ்சிருந்துச்சு. பாஸ்டிதான் வரைஞ்சது. ஒண்ணு டீச்சர் மாதிரியே இருந்துச்சா, டீச்சர் அதை உரிக்கவே இல்ல.

ரூலோஃப்: ஓகோ.

நின்கே: அப்பா... ஞாபகம் இருக்குல்ல?

ரூலோஃப்: எது? ...ஆங், அதுவா. இருக்கு.

நின்கே: சத்தமா.

ரூலோஃப்: சத்தமா.

பாஸ்டியான்: என்னது அது?

நின்கே: உனக்கில்ல பாஸ்டி. நீ பலூன் ஊது. கேக் வெட்டும்போது நீ இருப்பல்ல?

பாஸ்டியான்: வெட்டறப்ப... பார்க்கலாம்டா செல்லம். வேலை இருக்கு.

நின்கே: ஆனா எல்லாரும் வட்டமா உக்கார்றப்ப?

பாஸ்டியான்: அப்ப நான் பாலத்துல இருப்பேனே...

நின்கே: ...சரி. நான் வாசல்ல போய் அத்தை வர்றாங்களான்னு பார்க்கறேன்.

ரூலோஃப்: மூஞ்சி எப்படி ஆயிடுச்சு பார்த்தியா?

பாஸ்டியான்: பார்த்தேன்.

ரூலோஃப்: பார்த்துட்டும் பலூனை ஊதற.

பாஸ்டியான்: ஊதச் சொன்னாளே.

ரூலோஃப்: பொண்ணு லேசுப்பட்டவ இல்லய்யா. நீச்சல் சான்றிதழ் வாங்கினா பாரு. என் அக்கா பையன் எட்டு வயசுல வாங்கினான், இவ ஆறு வயசு ஆகறதுக்குள்ள. பரீட்சையில துணி, ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு, தண்ணிக்குள்ள முங்கி, நடுவுல தொங்கவிட்ட படுதா ஓட்டைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்தாளே... நீ பார்த்தியா?

பாஸ்டியான்: நீங்கதானே குளத்தோரமா முன்னாடி நின்னீங்க. நான் துண்டை வெச்சுக்கிட்டுப் பின்னாடி இருந்தேன்.

ரூலோஃப்: நான் எங்க பார்த்தேன்? அழுதுக்கிட்டு இருந்தேன். தலை வெளிய வந்ததும், பக்கத்துல நின்ன யாரோ ஒரு ஆளைக் கட்டிப் பிடிச்சு 'என் மக, என் மக'ன்னு கத்தினேன். அந்தாளு மகளும் அதே தண்ணியிலதான் இருந்தாளாம்.

பாஸ்டியான்: எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கத்தல, அவ்வளவுதான்.

ரூலோஃப்: ஏன் கத்தல? புதன்கிழமை புதன்கிழமை மழையில சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சு அவளை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?

பாஸ்டியான்: யாராவது போகணும்ல. நீங்க ஊர்ல இல்லாத நாள் அது.

ரூலோஃப்: அதைத்தான் சொல்றேன். யாராவது போகணும், யாராவது காபி ஊத்தணும்... இந்த 'யாராவது' யாருய்யா?

பாஸ்டியான்: ரூலோஃப், இதை விடுங்களேன். பலூனைக் கட்டுங்க.

ரூலோஃப்: போன வருஷம் யெல்லே புதுசா குடி வந்திருந்தாரு. ஊர் வழக்கப்படி வட்டத்தைச் சுத்தி ஒவ்வொருத்தர் கையா குலுக்கிட்டு வந்தாரு. அக்காவுக்கு 'உங்க மருமகளுக்கு வாழ்த்து', எனக்கு 'உங்க மகளுக்கு வாழ்த்து'. உன்கிட்ட வந்து கையை நீட்டினாரு.

பாஸ்டியான்: ஞாபகம் இருக்கு.

ரூலோஃப்: 'உங்க மகளுக்கு வாழ்த்து'ன்னாரு. நீ என்ன சொன்ன?

பாஸ்டியான்: ...'ஐயோ, என் மக இல்லீங்க, அவரு மக'ன்னேன். உங்க பக்கம் கையைக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க.

ரூலோஃப்: எல்லாரும் இல்ல. சோபாவுக்குப் பின்னாடி பலூன் தேடிட்டு ஒருத்தி இருந்தா.

பாஸ்டியான்: ...கேட்டுட்டாளா?

ரூலோஃப்: ஒரு வருஷமா மனசுல வெச்சிருந்திருக்கா. போன வாரம் கார்ல வரும்போது, திடீர்னு, 'அப்பா, ஒருத்தர் குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா அவங்களுக்கு அது பிடிக்கலன்னுதானே அர்த்தம்'னா. ஆமான்னேன். 'அப்ப பாஸ்டி ஏன் வாழ்த்தைத் திருப்பிக் குடுத்தான்'னு கேட்டா. வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்.

பாஸ்டியான்: பிடிக்காமயா... கடவுளே. அவளா அப்படி நினைச்சா?

ரூலோஃப்: வேற எப்படி நினைப்பா? இந்த ஊர்ல நாய்க்குப் பிறந்தநாள்னா அதைக் குளிப்பாட்டறவனுக்குக்கூட வாழ்த்து சொல்லுவாங்க. அவ வீட்டுலயே இருக்கற ஒருத்தன் மட்டும் காபிக் கெண்டியோட ஒளிஞ்சுக்கறான்.

பாஸ்டியான்: நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்க. உங்களுக்குச் சேர வேண்டியது அது. அதுல நான் எப்படிக் கை வைக்கறது?

ரூலோஃப்: அது என்ன கேக்கா, நீ ஒரு துண்டு எடுத்தா எனக்குக் குறைய?

பாஸ்டியான்: இல்ல... உண்மையைச் சொல்லட்டா? அவர் கையை நீட்டினப்ப எனக்கு அது வேணும்போல இருந்துச்சு. ரொம்ப வேணும்போல இருந்துச்சு ரூலோஃப். அதான் பயந்துட்டேன்.

ரூலோஃப்: டூட்டிக்கு நேரமாகலையா உனக்கு?

பாஸ்டியான்: ஆகுது... கிளம்பணும்.

ரூலோஃப்: காலையில உன் பாலத்து மேலதான்ய்யா சைக்கிள்ல வந்தேன். பெயிண்ட் அடிக்கறாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாலத்தைத் தூக்க மாட்டோம்னு இவ்வளவு பெரிய பலகை. படகெல்லாம் அந்தப் பக்க வாய்க்கால்ல சுத்திப் போகுது.

பாஸ்டியான்: ...வந்ததுமே தெரியுமா உங்களுக்கு?

ரூலோஃப்: ஏணியைப் பிடிக்கறப்பவே தெரியும். எங்கதான் போறதா இருந்த?

பாஸ்டியான்: பாலத்துக்கிட்டதான். பெயிண்ட் அடிக்கறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்னு...

ரூலோஃப்: நல்லா இருக்குடா உன் திட்டம். போ, உள்ள போய் இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வா. நான் ஏன் சீக்கிரம் வந்தேன்னு சொல்றேன்.

பாஸ்டியான்: தோரணத்துக்குன்னீங்களே.

ரூலோஃப்: தோரணமாம் தோரணம். பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டேன். பெரிய சைக்கிள் கேப்பான்னு நினைச்சேன். அவ கேட்டது வேற. 'பாஸ்டிக்கு முதல் வாழ்த்து நீ சொல்லணும், ஹில்லே அத்தை முன்னாடி, சத்தமா'ன்னா. நீ ஓடிட்டா என்ன பண்றதுன்னுதான் காவலுக்கு வந்தேன்.

பாஸ்டியான்: அவளே... அவளே கேட்டாளா?

ரூலோஃப்: அவளேதான். சைக்கிள் வேணாம்னுட்டா. ஒரு வாரமா கார்ல தனியா சொல்லிப் பழகறேன். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் ஒரு மாதிரி பார்க்கறான்... மணி அடிக்குது. அக்காதான். அரை மணி நேரம் முன்னாடி வரலைன்னா அவளுக்கு வந்த மாதிரியே இருக்காது. நாற்காலியை இங்க போடு. உக்காரு. கெண்டியை விடு.

நின்கே: அத்தை வந்தாச்சு.

ஹில்லே: எங்க என் தங்கம்? வா, மூணு முத்தம். கிரீடத்தை நசுக்கல, பயப்படாத. ரூலோஃப், என்னடா குறுக்க நிக்கற? இந்தக் கோட்டைப் பிடி.

ரூலோஃப்: அக்கா, ஒரு நிமிஷம் நில்லு. நான் சத்தமா ஒண்ணு சொல்லணும்.

ஹில்லே: அப்புறம் சொல்லு. தள்ளு... பாஸ்டியான், எந்திரிக்காத. கையைக் குடு. உன் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

பாஸ்டியான்: ...நன்றி. நன்றி ஹில்லே. உங்களுக்கும்... உங்க மருமகளுக்கு.

ரூலோஃப்: அக்கா. அது நான் சொல்ல வேண்டியது.

ஹில்லே: உனக்கும் சொல்றேன், வரிசையில நில்லு.

ரூலோஃப்: வரிசை இல்லக்கா. முதல் வாழ்த்து நான் சொல்லணும்னு எனக்கு உத்தரவு.

ஹில்லே: உனக்கா? எனக்குத்தான் போன் பண்ணினா. 'அத்தை, நீங்க சொன்னாதான் யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க, முதல்ல நீங்க சொல்லுங்க, உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறேன்'னு. மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நான்.

ரூலோஃப்: என்கிட்டயும் 'உன்கிட்ட மட்டும்தான்'னா.

பாஸ்டியான்: ...அனெமிக்கும் சொன்னா.

ரூலோஃப்: எப்ப?

பாஸ்டியான்: காலையில. கண்ணே திறக்கல, போர்வைக்குள்ள இருந்து கையை நீட்டி 'உன் மகளுக்கு வாழ்த்து'ன்னா. தூக்கக் கலக்கம்னு நினைச்சு உங்க யார்கிட்டயும் சொல்லல.

ஹில்லே: ஆறு வயசுல இவ்வளவு சாமர்த்தியமா. யாரைக் கொண்டு பிறந்தா இவ?

ரூலோஃப்: என்னைத்தான்.

ஹில்லே: உனக்கு உன் அலாரத்தையே வைக்கத் தெரியாது.

ரூலோஃப்: அப்ப இந்த ஆளைக் கேளு. இவன் மகதானே.

பாஸ்டியான்: என் மகதான். ...என் மகதான் ரூலோஃப். நான் சத்தமா சொல்லிட்டேனா?

ரூலோஃப்: தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கண்ணைத் துடை. இல்ல, நீ துடைக்காத, நானே துடைக்கல.

பாஸ்டியான்: நின்கே, இங்க வா. நிஜத்தைச் சொல்லு. எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொல்லி வெச்சிருக்க?

நின்கே: நிறைய பேர் இல்ல. வட்டத்துல உக்கார்றவங்ககிட்ட மட்டும்தான். நீ உக்கார மாட்டல்ல, அதான் உன்கிட்ட சொல்லல.

பாஸ்டியான்: இப்ப உக்காந்திருக்கேன்.

நின்கே: ஆமா... மணி அடிக்குது. யெல்லே மாமாதான். பாஸ்டி, எந்திரிக்காத, ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. அவர்கிட்டயும் 'உங்ககிட்ட மட்டும்தான்'னு சொல்லியிருக்கேன்.